பிந்தி வந்த வயலின்கள்

அத்தியாயம் 9

“அண்ணன்கிட்டயும் சொல்லிடுங்கக்கா.”

திங்கட்கிழமை வந்த குரல் பதிவின் கடைசி வரி அது. ஐந்து நாளாக வாலண்டைனின் காதுக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பேசியவன் டைரக்டர் மகேஸ்வரன். பத்து வருஷமாக அவன் பழகியது வாலண்டைனோடு. இதற்கு முன் எடுத்த மூன்று தொலைக்காட்சிப் படங்களுக்கும் வாலண்டைன்தான் இசை. ஆனால் கடலோர ஊரான மெர்சிங்கில் எடுத்து முடித்திருக்கும் நான்காவது படத்துக்கான அந்தப் பதிவு வாலண்டைனின் கைப்பேசிக்கு வரவில்லை. அவன் மனைவி ஐலீனின் கைப்பேசிக்கு வந்தது.

“அக்கா, ஓப்பனிங் சீனுக்கு நீங்க பண்ணி அனுப்புனதக் கேட்டேன். அலமாக்! புல்லரிச்சிருச்சு. ஐம்பது பேரு உக்காந்து வாசிச்ச மாதிரி இருக்கு. முழுப் படமும் நீங்களே பண்ணிடுங்க. சனிக்கிழமை நேர்ல வந்து படகு ஜெட்டி சீனைக் கேக்கறேன். அண்ணன்கிட்டயும் சொல்லிடுங்கக்கா.”

ஐலீன் அதை ஒளித்து வைக்கவில்லை. குசினியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்து, சின்னப் பெண்போல அவன் காதருகில் வைத்துப் போட்டுக் காட்டினாள். வாலண்டைன் சிரித்தான். “நல்லதுதானே” என்றான். அதற்குப் பிறகு அவள் குளிக்கும்போதும், கடைக்குப் போகும்போதும் அந்தக் கைப்பேசியை எடுத்து அவன் தனியாகக் கேட்டான். ஒவ்வொரு தடவையும் கடைசி வரியில் நின்றான்.

ஜொகூரில் யோங் பெங் ஊரிலிருந்து பாலோ வரைக்கும் வாலண்டைனின் கீபோர்டு போகாத கல்யாண மண்டபம் கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை நாற்காலி, மேசை செய்யும் தளவாடத் தொழிற்சாலைக் கிடங்கில் வேலை. வாரக் கடைசியில் கல்யாண விருந்துகள், தேவாலயத்தில் ஆர்கன். இருபத்து நான்கு வருஷம். பார்க்கிறவர்களெல்லாம் “மியூசிக் வாலண்டைன்” என்றுதான் கூப்பிடுவார்கள். ஐலீன், மியூசிக் வாலண்டைனின் மனைவி. பதினான்கு வருஷம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை அலுவலகத்தில் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தவள். பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுவாள். அவ்வளவுதான் அவளுக்கும் இசைக்கும் இருந்த சொந்தம்.

போன வருஷம் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். வீட்டில் சும்மா இருந்த ஐலீன், புருஷனுக்கு ஒத்தாசையாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அவன் வாசிப்பான், அவள் பதிவு செய்வாள். அப்படி இருந்தவள் ஒருநாள் இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டாள்.

அதில் வருகிறவர் எங்கோ ஒரு குளிர் நாட்டில் இருந்துகொண்டு படங்களுக்கு இசையமைக்கிறவர். நிஜ வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், முழு ஆர்கெஸ்ட்ராவையும் கம்ப்யூட்டரிலேயே உண்டாக்கி டைரக்டருக்குப் போட்டுக் காட்டுவது எப்படி, அதையும் நேரம் விரயமாகாமல் செய்வது எப்படி என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிக் கொடுப்பார். ஐலீனுக்கு அவர் “சார்”. வாலண்டைனுக்கு “தாடிக்காரன்”. அவரிடம் கற்றதை வைத்துத்தான் ஓப்பனிங் சீனுக்கு இசை செய்து மகேஸ்வரனுக்கு அனுப்பியிருந்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே தாடிக்காரனின் குரல் முன்னறையில் கேட்கத் தொடங்கிவிட்டது.

வாலண்டைன் கோப்பியோடு வந்து நின்றான். ஐலீன் திரும்பவில்லை. காணொளியில் அந்த மனிதர் எதற்கோ சிரித்தார். ஐலீனும் சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க.

அவன் சொல்லும் எதற்காவது அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று?

“என்ன சொல்றான் உன் தாடிக்காரன்?”

“அப்படிச் சொல்லாதீங்க. சார் சொல்றாரு, மியூசிக் பண்ற நேரத்தவிட வாத்தியத்தைத் தேடற நேரம்தான் அதிகமாப் போகுதாம். எல்லாத்தையும் முன்னாலயே வரிசையா அடுக்கி வெச்சிட்டா, உக்காந்ததும் வாசிக்க வேண்டியதுதானாம். நான் ஆபீஸ்ல அடுக்கி வெச்ச ஃபைல் மாதிரியே இருக்குங்க.”

“மியூசிக்கும் ஃபைலும் ஒண்ணா?”

“அப்படிச் சொல்லல லா…”

“நான் இப்படி அடுக்கி வெச்ச டெம்ப்ளேட் ஒண்ணும் இல்லாம மூணு படம் பண்ணேன்.”

ஐலீன் காணொளியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். “நீங்க வாசிக்கறவரு. உங்களுக்குக் கையிலயே இருக்கு. எனக்கு இல்ல. அதான் இப்படிப் படிச்சுப் படிச்சு செய்ய வேண்டியிருக்கு.”

அவள் விட்டுக்கொடுத்துத்தான் பேசினாள். அதுவே அவனுக்கு எரிந்தது.

இந்த வாரம் முழுக்க அவன் சின்னச் சின்னதாகச் செய்ததெல்லாம் அவனுக்கே வெட்கம். அவள் பதிவு செய்யும் நேரம் பார்த்து ரேடியோவைத் திருகினான். பாட்டு நடுவில் “என் நீலச் சட்டை எங்கே?” என்று கத்தினான். சட்டை அவன் கண்ணெதிரே கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் பொறுமையாக எழுந்து வந்தாள்.

“மம்மி, பாசார் போலாமா? லேட்டாப் போனா மீன் கிடைக்காது.” மகள் மெலிசா கார் சாவியோடு வந்தாள். இருபத்து மூன்று வயது. ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் வேலை. வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை திரும்பிவிடுவாள்.

“மகேஸ் மூணு மணிக்குத்தானே வரான்? வா, போயிட்டு வந்துடலாம்.” ஐலீன் எழுந்தாள். “என்னங்க, கம்ப்யூட்டரை அணைக்காதீங்க. எல்லாம் திறந்து வெச்சிருக்கேன்.”

இரண்டு பேரும் போனார்கள். வீடு அமைதியானது.

வாலண்டைன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். இருபது வருஷமாக அவன் உட்கார்ந்த நாற்காலி. இப்போது அவள் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தாள். முதுகுக்கு அவள் தைத்த சின்னத் தலையணை. மேசைமேல் காணொளி பார்த்து அவள் எழுதிய நோட்டுப் புத்தகம், அலுவலகத்துக் கையெழுத்தில், கோடு போட்டு, கட்டம் போட்டு.

கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தான். சத்தியமாக அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

ஜெட்டி காட்சி ஓடியது. மூன்று நாளாகத் திரும்பாத புருஷனுக்காக ஒருத்தி மெர்சிங் ஜெட்டியில், படகுத்துறையில் நிற்கிறாள். தூரத்தில் ஒரு படகு. அவள் முகம் மலர்கிறது. படகு கிட்டே வருகிறது. அது வேறு யாருடையதோ. அவள் மெல்லத் திரும்புகிறாள்.

ட்யூன் வாலண்டைனுடையது. போன மாதம் ஒரு சாயங்காலம், அரை மணி நேரத்தில் வாசித்துக் கொடுத்தான். அந்தத் திரும்பும் இடத்தில் அவனாக இருந்தால் இரண்டு கையாலும் அத்தனை தந்தி வாத்தியங்களையும் அழுத்திக் கண்ணீரைப் பிழிந்திருப்பான். ஐலீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். ஒரே ஒரு செல்லோ மட்டும், அந்தப் பெண் தோளைத் திருப்பும் அதே கணத்தில், அவன் ட்யூனை எடுத்துக்கொண்டு போனது. மற்ற தந்திகள் அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, துக்க வீட்டுக்கு ஆட்கள் வந்து சத்தமில்லாமல் உட்காருவதுபோல.

அவனுடைய ட்யூன்தான். ஆனால் அவனைவிட நல்ல மனிதன் ஒருவன் எழுதியதுபோல் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு திரும்பவும் போட்டான், குற்றம் கண்டுபிடிக்க. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை. ஒரு இடத்திலாவது சறுக்கியிருக்க மாட்டாளா? சறுக்கவில்லை.

நான் இருபத்து நான்கு வருஷம் வாசித்ததெல்லாம் எதற்கு? ஒரு வருஷம் மௌசைப் பிடித்தவளை “அக்கா” என்று கூப்பிட்டு முழுப் படத்தையும் கொடுக்கிறான் மகேஸ். என்னிடம் சொல்லிவிடச் சொல்கிறான்.

திரையின் இடது பக்கத்தில், ஒவ்வொரு வாத்தியத்தின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எண் இருந்தது. எல்லாம் கழித்தல் குறி போட்ட எண்கள். அவை என்னவென்று வாலண்டைனுக்குத் தெரியும். ஐலீனுக்குத் தெரியாத ரகசியம் அது: கிடங்கில் மத்தியான வேளையில், நாற்காலி அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவனும் தாடிக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வயலினும் செல்லோவும் விசையைத் தொட்டவுடன் முழுசாக ஒலிக்காது. மெதுவாகத்தான் மலரும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு தாமதம். அதனால், எது எவ்வளவு பிந்துகிறதோ அதை அவ்வளவு முன்கூட்டியே கிளப்பிவிட வேண்டும். அதற்குத்தான் அந்த எண்கள். ஒவ்வொன்றையும் காதால் கேட்டு, மாற்றி, திரும்பக் கேட்டு ஐலீன் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது.

முதல் வயலினுக்குப் பக்கத்தில் இருந்த எண்ணை அழித்துச் சைபர் போட்டான்.

என்ன ஆகும் என்று பார்க்கத்தான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்ததற்குப் போனான்.

எல்லாம் முடிந்ததும் சேமித்தான். நாற்காலியைப் பழையபடி தள்ளி வைத்துவிட்டு எழுந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பாசாரிலிருந்து வந்ததும் ஐலீன் சமைத்தாள். கெம்போங் மீன் பொரியலில் பெரிய துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டாள்:

“என்னங்க, மகேஸ் வர்றதுக்கு முன்னால ஒரு தடவை போட்டுக் கேட்டுடவா? மனசு கேக்கல.”

அந்த நிமிஷத்தில் “சரி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எல்லாம் அங்கேயே சரியாகியிருக்கும். அவள் கேட்டிருப்பாள். பதறியிருப்பாள். சரி செய்திருப்பாள். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

“வேணாம்,” என்றான் வாலண்டைன். “காலையிலேர்ந்து கேட்டுக் கேட்டு உன் காது களைச்சுப் போயிருக்கு. இப்போ கேட்டா ஒண்ணும் இல்லாததுக்கெல்லாம் பயப்படுவ. விடு, அவன் வந்ததும் ஒண்ணாக் கேப்போம்.”

“நீங்க சொன்னா சரி,” என்றாள் ஐலீன். முகம் தெளிந்தது. “நீங்க எத்தனை மேடையைப் பாத்தவரு.”

மூன்றே காலுக்கு மகேஸ்வரன் வந்தான். முப்பத்தெட்டு வயது, எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவன்போல ஒரு அவசரம். காலணியைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தான்.

“அக்கா, ஒரு மணி நேரந்தான். அஞ்சு மணிக்கு பத்து பகாட் டவுன்ல தயாரிப்பாளரைப் பாக்கணும். அண்ணே, எப்படி இருக்கீங்க? அடுத்து ஒரு ஆறு பாகத் தொடர் வருது. இன்னைக்கு இது நல்லா வந்துச்சுன்னா அதையும் அக்காகிட்டயே கொடுத்துடலாம்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

ஐலீன் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெலிசா திரைச்சீலையை இழுத்துவிட்டாள். காட்சி ஓடத் தொடங்கியது.

முதல் பத்து விநாடியிலேயே ஐலீனின் முதுகு விறைத்தது. வாலண்டைன் அதைப் பார்த்தான்.

டிரம் சரியாக விழுந்தது. வயலின் பிந்தி வந்தது. குழல் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம். ஒவ்வொரு வாத்தியமும் தன் இஷ்டத்துக்கு வந்தது, குடித்துவிட்டு ஊர்வலத்தில் நடப்பவர்களைப்போல. படகு தெரியும் இடத்தில் எழ வேண்டிய இசை, படகு வந்து நின்ற பிறகு எழுந்தது. அந்தப் பெண் திரும்பினாள். திரும்பி முடித்தாள். அதற்கப்புறம்தான் செல்லோ வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

“நிறுத்தறேன் தம்பி, ஒரு நிமிஷம், என்னமோ ஆச்சு…” ஐலீன் ஸ்பீக்கர் இணைப்பைப் பார்த்தாள். அணைத்துத் திரும்பப் போட்டாள். அதே கோளாறு. வழக்கமாக விசைப்பலகையைப் பார்க்காமலே பறக்கும் விரல்கள், இப்போது தப்பான விசைகளைத் தட்டின. “காலையில சரியாத்தான் இருந்துச்சு. சத்தியமா தம்பி. மெலிசா, நீயும் கேட்டதானே?”

“ஆமா மகேஸ் அங்கிள், காலையில நல்லா இருந்துச்சு.”

மகேஸ்வரன் கடிகாரத்தைப் பார்க்காததுபோல் பார்த்தான். “பரவால்லக்கா. டென்ஷன் ஆகாதீங்க. சின்னத் துண்டு பண்றது வேற, நீளமாப் பண்றது வேற. பழக்கத்துல வரும்.”

ஐலீனின் காது மடல் சிவந்தது. கம்ப்யூட்டரை மறுபடியும் தொடக்கினாள். அது திறக்க ஐந்து நிமிஷம் பிடித்தது. திறந்ததும் அதே கோளாறு.

வாலண்டைன் எழுந்தான்.

“விடு ஐலீன். மகேஸுக்கு நேரமாகுது. படத்தைச் சத்தமில்லாமப் போடு. நான் வாசிக்கறேன்.”

கீபோர்டில் வெறும் பியானோவை எடுத்தான். படம் ஓடியது. அவன் வாசித்தான்.

நன்றாகத்தான் வாசித்தான். அதில் பொய்யில்லை. அந்தப் பெண் திரும்பும் இடத்தில் இரண்டு கையையும் எடுத்துவிட்டு, ஒற்றை விரலால் ட்யூனைத் தொட்டான். காலையில் ஐலீனிடமிருந்து கேட்டுக்கொண்டது அது. அது அவனுக்கு மட்டும் தெரியும்.

முடிந்தபோது மகேஸ்வரன் மூக்கை உறிஞ்சினான்.

“அண்ணே! இதுதான். இதேதான். அந்த இடத்துல ஒரே சுரம்… எப்படிண்ணே தோணுச்சு?” எழுந்து வந்து வாலண்டைனின் கையைப் பிடித்துக்கொண்டான். “நான்தான் புத்தி இல்லாம ஐம்பது வாத்தியம் அது இதுன்னு ஓடிட்டேன். நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். தொடரும் உங்களுக்குத்தான். அக்கா தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இன்னும் கொஞ்ச நாள் பழகுங்க.”

“இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு தம்பி,” என்றாள் ஐலீன். “தேத்தண்ணி கலக்கறேன், குடிச்சிட்டுப் போங்க.”

மகேஸ்வரனும் ஐலீனும் வாலண்டைனைப் பார்த்தார்கள். அவன் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்கலாம். ‘அவ பண்ணதுதான் மகேஸ் நான் வாசிச்சது’ என்று சொல்லியிருக்கலாம். கீபோர்டை அணைத்தான்.

மகேஸ்வரனின் கார் சந்து திரும்பியதும் மெலிசா அப்பாவிடம் வந்தாள்.

“நல்லா வாசிச்சீங்க டாடி.”

“ம்.”

“மம்மிக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. கல்யாண வீட்டுல மைக்செட்காரன் சொதப்பினாக்கூட அவனுக்காகப் பேசுவீங்க.”

அவள் தன் அறைக்குப் போய்விட்டாள்.

வாலண்டைன் முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. படம் கிடைத்தது. தொடர் கிடைத்தது. “அண்ணே, இதுதான்” என்ற வார்த்தை கிடைத்தது. மனசு நிறைய வேண்டும். வாய்க்குள் துருப்பிடித்த ஆணியை வைத்திருப்பதுபோல் இருந்தது.

குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவிய பாத்திரத்தையே அவள் திரும்பக் கழுவுகிறாள் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

ஐந்தரை மணிக்கு ஐலீன் வந்தாள். பூசைக்குப் போவதற்காகப் புடவை மாற்றியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு அவன் ஆர்கன், அவள் பாடகர் குழு. கண் வீங்கியிருந்தது, பவுடர் போட்டும் மறையவில்லை. மேசையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

“என்னங்க, இந்தக் கம்ப்யூட்டரை நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு வேணாம்.”

“ஏன்?”

“எனக்கு இது வராது. குமாஸ்தா வேலை பாத்தவ குமாஸ்தாதான். வயசு நாப்பத்தஞ்சு ஆச்சு. டவுன்ல அந்தக் கிளினிக்ல ஆள் தேடறாங்களாம். திங்கக்கிழமை போய்க் கேக்கறேன்.” நோட்டை மார்போடு வைத்துக்கொண்டாள். “அந்தத் தம்பி முன்னால அசிங்கப்பட்டது கூடப் பரவால்லங்க. நீங்க எவ்வளவு ஆசையாப் போட்டுக் குடுத்த ட்யூன். அதைப் போய்க் கெடுத்துட்டேனே. அதான் தாங்க முடியல. என்னை மன்னிச்சிடுங்க.”

மன்னிச்சிடுங்க.

வாலண்டைனால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றான்.

“நீ கெடுக்கல ஐலீன்.”

“ஆறுதல் சொல்லாதீங்க.”

“ஆறுதல் இல்ல. நான்தான் கெடுத்தேன். நீங்க பாசார் போயிருந்தப்போ. அந்த எண்களையெல்லாம் நான்தான் சைபர் ஆக்கினேன்.”

ஐலீனுக்கு முதலில் புரியவில்லை. “எந்த எண்?”

“வாத்தியத்தை முன்கூட்டிக் கிளப்பி விடறதுக்கு வெச்சிருந்தியே. மைனஸ் போட்டு.”

அவள் அவனைத் தாண்டிப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். திரையை எழுப்பினாள். இடது பக்கத்தைப் பார்த்தாள். மேலிருந்து கீழே வரைக்கும் சைபர். சைபர். சைபர்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் இரண்டும் செய்யவில்லை.

“இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நானும் பாக்கறேன், அந்த வீடியோவெல்லாம். வேலை செய்யற இடத்துல. உனக்குத் தெரியாம.”

“என்கிட்ட கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே.”

அவன் திரையிலிருந்த சைபர்களைப் பார்த்தான்.

“ஒவ்வொண்ணா மாத்துனீங்களா?”

“ஆமா.”

“எல்லாத்தையும் ஒண்ணாப் புடிச்சு ஒரே தடவையில மாத்தலாம்.” விசையை அழுத்திக் காட்டினாள். அத்தனை வாத்தியமும் ஒரே நொடியில் நிறம் மாறி நின்றன. “எட்டாவது வீடியோவுல சொல்லிக் குடுத்தாரு. அதை நீங்க பாக்கல போல.”

“இல்ல.”

விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு பெயராக எண்ணிக்கொண்டே கீழே வந்தாள். அலுவலகத்தில் கணக்குச் சரிபார்ப்பவளின் நிதானம். கடைசிப் பெயரில் விரல் நின்றது.

“நாப்பத்திரண்டு,” என்றாள். “ஒரே அடியில செஞ்சிருந்தா, கோபத்துல கை தவறிடுச்சுன்னு நானே உங்களுக்காகச் சொல்லிக்குவேன். நாப்பத்திரண்டு தடவை. அழிச்சு, சைபர் போட்டு, அடுத்தது. நடுவுல ஒரு தடவைகூட உங்க கை நிக்கலையா?”

பொய் சொல்லத் தோன்றியது. நின்றது, மனசு உறுத்தியது என்று சொல்லலாம். அதை அவள் நம்பியும் இருப்பாள்.

“ஒரு தடவை நின்னுச்சு,” என்றான். “வாசல்ல கார் சத்தம் கேட்டுச்சு. நீ வந்துட்டியோன்னு பயந்து நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக் கார். அதுக்கப்புறம் மறுபடியும் மாத்த ஆரம்பிச்சேன்.”

ஐலீன் அவனையே பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் கூடப் படுத்தெழுந்தவனை வழி கேட்டு வந்த அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கம்ப்யூட்டரை மடக்கிப் பையில் வைத்தாள். நோட்டை அதன்மேல் வைத்தாள்.

“மெலிசா!”

மெலிசா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“நாளைக்கு வேணாம். இப்பவே ஜொகூர் பாரு கிளம்பு. நானும் வரேன்.”

“பூசை மம்மி?”

“கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு. உன் டாடி போவாரு.”

மெலிசா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். சாவியை எடுத்தாள்.

வாசலில் வாலண்டைன் குறுக்கே நின்றான். “ஐலீன், எவ்வளவு நாள்?”

“எனக்குத் தெரியல.”

“அந்த எண்ணெல்லாம்…”

“நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். பத்து நிமிஷத்துல சரி பண்ணிடுவேன். அது பெரிய விஷயம் இல்ல.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “மகேஸ்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்லணும்னு உங்களுக்குத் தோணினா நீங்க சொல்லுங்க. தோணலைன்னா படத்தை நீங்களே முடிச்சுக் குடுங்க. உங்க இஷ்டம்.”

மெலிசாவின் மைவி கார் பின்னால் நகர்ந்து, திரும்பி, சந்தைத் தாண்டியது. ஐலீன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு மணி. பூசைக்கு இன்னும் அரை மணி நேரம். பாடகர் குழு ஐலீனைத் தேடும். அவனிடம்தான் கேட்பார்கள். வாலண்டைன் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகிலேயே நின்றான்.

சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. ஐலீனோ என்று பதறி எடுத்தான். மகேஸ்வரன். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம், தட்டு சத்தம்.

“அண்ணே! தயாரிப்பாளர் பக்கத்துலதான் இருக்காரு. நீங்க வாசிச்சதைப் போன்ல பிடிச்சு வெச்சிருந்தேன், அதைப் போட்டுக் காட்டினேன். மனுசன் அசந்துட்டாரு! ஆறு பாகமும் உங்களுக்குத்தான். அந்த ஒத்த சுரத்துல நிறுத்தற இடம் இருக்கே, அதை வெச்சுத்தான் விளம்பரமே பண்ணப் போறோம். போஸ்டர் இன்னைக்கே போகுது.”

வாலண்டைன் வாயைத் திறந்தான். இருபத்து நான்கு வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவன் காத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

“அண்ணே, கேக்குதா? பேரை எப்படிப் போடறது? ‘இசை: வாலண்டைன்’ மட்டும் போதுமா? சீக்கிரம் சொல்லுங்கண்ணே, டிசைன் பண்றவரு காத்துக்கிட்டு இருக்காரு.”